அப்பா உயில் எழுதுவதா, செட்டில்மெண்ட் செய்துவிடுவதா?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. சென்னையில் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு ஒன்று, திண்டுக்கல் பக்கம் தாத்தா வழியில் வந்த 3 ஏக்கர் நிலம், வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை. அம்மா இருக்கிறார். நீங்கள் மூத்தவர், அடுத்து ஒரு தங்கை, ஒரு தம்பி. உயில் எழுதலாம் என்று பேச்சு வந்ததும் தாய்மாமா, "உயில் என்றாலே கோர்ட்டுதான், பேசாமல் செட்டில்மெண்ட் பத்திரம் போட்டுவிடுங்கள்" என்கிறார், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. உயிலால் என்ன நன்மை, என்ன தொல்லை, எதைச் செய்வது என்று கேட்கிறீர்கள்.

உயில் எழுதட்டும். செட்டில்மெண்ட் இப்போது வேண்டாம். ஆனால் மாமா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. உயில் வழக்குகள் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதை சிவில் கோர்ட் பக்கம் போன எவரும் பார்த்திருப்பார்கள். எழுதியவர் இருக்கும்வரை உயிலால் யாருக்கும் தொல்லை இல்லை. வருவதெல்லாம் அவர் போன பிறகுதான் வரும், அப்போது விளக்கம் சொல்ல அவர் இருக்கமாட்டார். எழுதும்போதே அந்த நாளை மனதில் வைத்து எழுதினால் மாமாவின் பயத்தில் பெரும்பகுதி தீரும்.

அப்பா எதுவுமே எழுதாமல் போய்விட்டால் என்ன ஆகும்? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சென்னை வீடு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு, அப்போது ஐந்தில் ஒன்று ஆகிவிடும். இந்தப் பாட்டி பங்கு பல குடும்பங்களுக்குப் பத்திர அலுவலகத்தில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. சட்டம் சொல்லும் இந்தப் பங்கீடு அநியாயமானது இல்லை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஓரளவு நியாயமானதுதான். அப்படியானால் உயில் எதற்கு?

அம்மாவுக்காக. கால் பங்குக்காரர் நால்வரில் யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். வீடு பிரிக்க முடியாத ஒற்றை வீடு என்றால் கடைசியில் விற்றுப் பணத்தைப் பிரிப்பதில்தான் முடியும். நாற்பது வருடம் அந்த வீட்டில் சமைத்துப் புழங்கிய அம்மா, தன் கால் பங்குப் பணத்தோடு யார் வீட்டுக்குப் போவது என்று நிற்பார். இன்றைக்கு உங்கள் மூவருக்குள்ளும் அன்பு இருக்கும். நாளைக்குத் தொழிலில் அடிபட்ட ஒருவருக்குப் பணம் தேவைப்படும், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வரமாட்டார். அப்பா ஒரு பக்கம் எழுதி வைத்தால் இது முழுவதையும் தவிர்க்கலாம். எனக்கு உயிலின் முதல் நன்மை இதுதான்: வாழ்க்கைத் துணையின் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பிள்ளைகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் இருக்கலாம்.

உங்கள் குடும்பத்தைவிட உயில் கட்டாயமாகத் தேவைப்படுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் முதலில் வருவது பிள்ளை இல்லாத பெண்கள். ஒரு இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்து, கணவரும் பிள்ளைகளும் இல்லை என்றால், அவர் சுயமாகச் சம்பாதித்ததுகூடக் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய் தகப்பன் அவர்களுக்குப் பிறகுதான் வருகிறார்கள். பெற்றோர் வழியில் வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இது: கல்யாணமாகி மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்துபோகிறார். புகுந்த வீட்டில் துரத்திவிடுகிறார்கள். அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்து, அவர்கள் படிக்கவைத்து, வேலைக்குப் போய்ச் சேமிக்கிறார். 1996-ல் உயில் எழுதாமல் இறக்கிறார். வருங்கால வைப்பு நிதி, வங்கிப் பணம் எல்லாம் யாருக்குப் போனது? கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கு. பரிதாபத்துக்காகச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போது நினைத்தாலும் எனக்கு மனது ஆறாத தீர்ப்பு இது. 2025 நவம்பரில் இந்தச் சட்டப்பிரிவு பற்றிய ஒரு வழக்கில், பெண்கள், அதிலும் இந்துப் பெண்கள், உயில் எழுதி வைத்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் வைத்தது. உங்கள் அம்மா பெயரிலோ தங்கை பெயரிலோ சொத்து, நகை, வைப்புத்தொகை இருந்தால் அவர்களும் எழுதட்டும். உயில் அப்பாக்களுக்கு மட்டுமான வேலை இல்லை.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளை உள்ள பெற்றோர், மறுமணம் செய்தவர்கள், முறையாகத் தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கு ஏதாவது தர நினைப்பவர்கள், கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட ஒரு உறவினருக்கோ பணிப்பெண்ணுக்கோ கொடுக்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் உயில் அவசியம். வாரிசுப் பட்டியலில் இல்லாத ஆள் மேல் சட்டத்துக்கு எந்த அக்கறையும் இல்லை.

சரி, செட்டில்மெண்ட்டுக்கு வருவோம். மாமா அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செட்டில்மெண்ட் பதிவானால் வில்லங்கச் சான்றில் தெரியும், உடனே பட்டா மாற்றலாம், பின்னால் யாரும் சாட்சியைத் தேடி அலைய வேண்டாம். குடும்பத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 2023-ல் உயர்த்திய பிறகும் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் தனி. தெளிவு என்று பார்த்தால் செட்டில்மெண்ட் உயிலைவிட எத்தனையோ மேல்.

ஆனால் அந்தத் தெளிவுக்கு அப்பா கொடுக்கும் விலை என்ன? கையெழுத்துப் போட்ட அன்றே வீடு அவருடையது இல்லை. நாளைக்கு இதய அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றால் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. வீட்டைப் பெற்ற பிள்ளை கடன்பட்டால் கடன்காரர் அந்த வீட்டைத் தேடி வருவார். அந்தப் பிள்ளை அப்பாவுக்கு முந்திப் போய்விட்டால் வீடு மருமகள், பேரப்பிள்ளைகள் கைக்குப் போகும், அம்மாவுக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கலாம், அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இறந்த மகனின் முதல் நிலை வாரிசுகளில் தாய் உண்டு, தகப்பன் இல்லை.

பிறகு ரத்து செய்துகொள்ளலாமே என்று பத்திர எழுத்தர்கள் சிலர் லேசாகச் சொல்வார்கள். கொடுத்தவர் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டு ரத்து செய்வது சட்டத்தில் நிற்காது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியர் முன் மனுப்போட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டுமா என்பதில் 2022-ல் உச்ச நீதிமன்றம் கறாராக நின்றது, 2025 ஜனவரியில் முதியவர்கள் பக்கம் சாய்ந்து தாராளமாகப் படித்தது. வயதான காலத்தில் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு எழுதி, கோட்டாட்சியர் அலுவலக நாற்காலியில் காத்திருக்கும் நிலைக்கு ஒருவர் ஏன் தன்னைக் கொண்டுபோக வேண்டும்? பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உயிலில் இந்த ஆபத்து கிடையாது. கடைசி மூச்சுவரை வீடு அவருடையது. விற்கலாம், மாற்றி எழுதலாம், கிழித்துப் போடலாம்.

அப்படியும் செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால், இருவரின் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் வாடகை வாங்கும் உரிமையையும் தங்களுக்கே வைத்துக்கொண்டு, பராமரிப்பு நிபந்தனையை வெளிப்படையாக எழுதிச் செய்யட்டும்.

இப்போது உயிலின் குறைகள். பெரிய குறை, அதை நிரூபிப்பது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 63-வது பிரிவு கேட்பது அதிகம் இல்லை: எழுதுபவர் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்து அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் சொல்லக் கேட்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். இவ்வளவு எளிது என்பதாலேயே நீதிமன்றம் பின்னால் கறாராக இருக்கிறது. தகராறு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து, கூண்டில் ஏறி, "ஆமாம், பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பதிவு செய்துவிட்டால் நிரூபிக்க வேண்டாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலான உயில்கள் இங்கேதான் விழுகின்றன. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் நாளில் சாட்சி ஞாபகம் வருகிறது, பத்திர எழுத்தர் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார். இருபது வருடம் கழித்து அவர்கள் யார், எங்கே என்று யாருக்கும் தெரியாது. அல்லது அப்பா தன் வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போடுவார், அவருக்கு முன்பே அவர்கள் போய்விடுவார்கள். சாட்சி யாருமே கிடைக்காவிட்டால் கையெழுத்துகளை அடையாளம் காட்டி நிரூபிக்க வழி உண்டு, ஆனால் அது மலையேறுகிற வேலை. முப்பது வருடம் பழைய பத்திரம் என்றால் தானாக நம்பலாம் என்ற சலுகையும் உயிலுக்குக் கிடையாது. ஆகவே சாட்சிகள் அப்பாவைவிட இருபது, இருபத்தைந்து வயது சின்னவர்களாக, நிலையாக ஓரிடத்தில் இருப்பவர்களாக, சொத்தில் எந்தப் பங்கும் பெறாதவர்களாக இருக்கட்டும். குடும்ப மருத்துவர் ஒருவர் சாட்சியானால் இன்னும் நல்லது, அப்பாவின் மனநிலை தெளிவாக இருந்தது என்பதையும் அவரே சொல்வார். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது, சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை. 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றும் எல்லா நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. கையெழுத்து நடுங்கியிருந்தால், எழுதியவர் அந்த நேரம் படுத்த படுக்கையாக இருந்தால், நெருங்கிய வாரிசைக் காரணம் சொல்லாமல் விட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் மேலாக, அதிக லாபம் பெறுகிற ஆளே முன்னின்று உயிலை எழுதவைத்திருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது.

இதை உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். கேள்வி கேட்டது மூத்த மகனாகிய நீங்கள். வக்கீலைப் பார்ப்பது, வரைவு தட்டச்சு செய்வது, அப்பாவைக் காரில் அழைத்துப்போவது, பதிவு அலுவலகத்தில் பக்கத்தில் நிற்பது, எதையும் நீங்கள் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பின்னால் அதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக வரும். அப்பா தானாக வக்கீலிடம் பேசட்டும், அவர் படிக்கும் மொழியில், அதாவது தமிழில், உயில் இருக்கட்டும். ஆங்கிலம் சரளமாகப் படிக்காத ஒருவர் ஆங்கிலத்தில் உயில் எழுதினார் என்பதே ஒரு சந்தேகம் ஆகிவிடும்.

பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிவு செய்வதைத்தான் நான் சொல்வேன். போலி என்ற வாதம் பலவீனமாகும், மூலம் தொலைந்தால் நகல் எடுக்கலாம். பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை: உயில் பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கென்றே உள்ள 3-ஆம் புத்தகத்தில் பதிவாகிறது, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ தவிர யாருக்கும் நகல் தரமாட்டார்கள். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதியும் சட்டத்தில் இருக்கிறது, மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். கைபேசியில் அப்பா பேசிய வீடியோவோ வாட்ஸ்அப் செய்தியோ உயில் ஆகாது, மின்னணுக் கையெழுத்தும் உயிலுக்குச் செல்லாது. கையெழுத்துப் போடும்போது எடுத்த வீடியோ துணைச் சான்றாக உதவும், அவ்வளவுதான்.

இன்னொரு குறை, கடைசி உயில்தான் செல்லும் என்ற விதி. 2015-ல் பதிவு செய்த உயிலை 2024-ல் வெள்ளைத்தாளில் எழுதிய பதிவில்லாத உயில் ரத்து செய்துவிடும், அது முறையாக நிரூபிக்கப்பட்டால். எழுதுபவருக்கு இது சுதந்திரம். ஆனால் கடைசிக் காலத்தில் படுக்கையில் இருப்பவரைச் சுற்றி யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு இது வாய்ப்பும்கூட. உயில் வழக்குகளில் திடீரென்று முளைக்கும் இரண்டாவது உயில் ஒரு பழைய கதை. வில்லங்கச் சான்றிலும் உயில் வராது என்பதால் வீட்டை வாங்க வருபவருக்கும் இது சங்கடம்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் குறை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது, 2005-ல் நாடு முழுவதும் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமை என்றது. சட்டம் ஒரு கதவைத் திறக்கத் திறக்க, பல வீடுகளில் உயிலைக் கொண்டு அதை மூடுகிறார்கள். "மகளுக்குக் கல்யாணத்தின்போது நகையும் சீரும் செய்துவிட்டபடியால் இந்தச் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை" என்ற வாசகம் இன்றும் உயில்களில் வந்துகொண்டே இருக்கிறது. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், இந்து உயிலில் மகளுக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற வரம்பு கிடையாது. ஆகவே அது செல்லும். ஆனால் அப்பா போன துக்கத்தில் இருக்கும் மகள், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உயிலைப் பிரிக்கும்போது கேட்பது அந்த வரியை. அதற்கு மேல் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத தங்கைகள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் இதைப் பேசும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்: தங்கைக்குக் குறைத்துக் கொடுக்க ஏதாவது காரணம் அவருக்கு இருந்தால் உயிரோடு இருக்கும்போதே தங்கையிடம் நேரில் சொல்லட்டும், அவள் பதிலையும் கேட்கட்டும். சொல்லத் தயக்கமாக இருக்கிறதென்றால் சமமாகவே எழுதட்டும்.

முஸ்லிம் நண்பர்கள் படித்தால் ஒரு வார்த்தை: மேலே சொன்ன முழுச் சுதந்திரம் உங்களுக்குப் பொருந்தாது. மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, வாரிசு ஒருவருக்கே எழுதுவதானாலும் மற்றவர்கள் ஒப்ப வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு வேறொரு விதி: உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானாக ரத்தாகிவிடும், மறுபடி எழுத வேண்டும்.

"உயில் என்றாலே கோர்ட்டு" என்று மாமா சொல்வதன் வேர் சென்னையில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சிவில் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அசல் சிவில் எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயில் என்றால், நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்கியே ஆக வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவு சொன்னது. மும்பை, கொல்கத்தாவுக்கும் அதே விதி, மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ அது இல்லை. யாராவது ஆட்சேபித்தால் அந்த மனு டி.ஓ.எஸ். என்ற முழு உயில் வழக்காக மாறி வருடக்கணக்கில் ஓடும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. இனி கட்டாயம் இல்லை. ஆனால் புரோபேட் என்ற வழி மூடப்படவில்லை, விரும்பினால் வாங்கலாம். தகராறு வரும் என்று தெரிந்தால் வாங்கிவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் புரோபேட் கிடைத்த உயிலை எவரும் பின்னால் அசைப்பது கடினம். வீட்டை வாங்க வருபவரோ கடன் தரும் வங்கியோ அதைக் கேட்பது உடனே நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

வங்கிப் பணத்துக்கு நாமினி இருக்கிறாரே, உயில் எதற்கு என்று அப்பா கேட்கலாம். நாமினி பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஆள், சொந்தக்காரர் வாரிசோ உயிலில் பெயர் உள்ளவரோதான். 1984-ல் காப்பீட்டுப் பணம் பற்றிய வழக்கிலும் 2023-ல் பங்குகள் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினியும் உயிலும் ஒரே ஆளைச் சொல்லும்படி வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

திண்டுக்கல் நிலத்தைத் தனியாகப் பாருங்கள், அதில்தான் எனக்குக் கவலை. "தாத்தா சொத்து பேரனுக்கு" என்று ஊரில் சொல்வதைப் பத்திரம் பார்க்காமல் நம்பாதீர்கள். தாத்தா சொந்தப் பணத்தில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அதில் அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச்சொத்து, பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இல்லை. ஆனால் அதே கணக்கில் உங்கள் அத்தைகளுக்கும் அண்ணன் தம்பிக்குச் சமமாகப் பங்கு உண்டு. அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா? பட்டா அப்பா பெயரில் இருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. மாறாக, தலைமுறை தலைமுறையாகப் பிரிக்காமல் வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால், அப்பாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பா தன் கால் பங்கை உயில் எழுதலாம், 3 ஏக்கரையும் எழுத முடியாது. எழுதினால் மிச்சம் முக்கால் பங்குக்கு அந்த உயில் வெறும் காகிதம். மூலப்பத்திரம், பழைய பாகப்பிரிவினை, வில்லங்கம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு நிலத்தைப் பற்றி எழுதட்டும். அத்தைகள் விஷயம் முடியாமல் இருந்தால், அதை அவர்களும் அப்பாவும் இருக்கும்போதே பேசி முடிப்பது உங்கள் தலைமுறைக்கு அப்பா செய்யும் பெரிய உதவி.

வாசகத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னை வீட்டை அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்பதில் அப்பா ஒரு முடிவு எடுக்க வேண்டும். "என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவித்து, அவள் காலத்துக்குப் பின் பிள்ளைகள் மூவரும் சமமாக அடைய வேண்டியது" என்பது வழக்கமான வாசகம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு முழு உரிமையா, வெறும் அனுபவ உரிமையா என்று 1956 சட்டத்தின் 14-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம்வரை போன வழக்குகள் ஏராளம். முதல் வரியில் "சர்வ சுதந்திரமாக" என்று கொடுத்து அடுத்த வரியில் "விற்கக் கூடாது" என்று கட்டுவது இன்னும் மோசம். என் கருத்து, அம்மாவுக்கே முழுமையாக எழுதிவிடலாம். அவருக்கும் மருத்துவச் செலவு வரும், வீட்டை விற்றுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போகலாம் என்று தோன்றும், அதைச் செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு அம்மா தனியாக ஒரு உயில் எழுதட்டும். இருவரும் சேர்ந்து ஒரே காகிதத்தில் கூட்டு உயில் எழுத வேண்டாம், ஒருவர் போன பிறகு மற்றவர் அதை மாற்றலாமா என்பதே ஒரு வழக்காகிவிடும்.

அம்மா முந்திவிட்டால் யாருக்கு என்பதையும் எழுத வேண்டும். பெறுபவர் முன்பே இறந்துவிட்டால் பொதுவாக அந்தக் கொடை விழுந்துபோகும், பிள்ளைகளுக்கு எழுதியதென்றால் மட்டும் அவர்களின் பிள்ளைகளுக்குப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. "இதில் சொல்லாமல் விடுபட்ட மற்ற சொத்துகள் அனைத்தும்" யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். கதவு எண், சர்வே எண், நான்கெல்லை, பத்திர எண் எல்லாம் மூலப்பத்திரத்தைப் பார்த்து எழுதட்டும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுக்கட்டும், மூன்று பிள்ளைகளும் மதிக்கும் ஆளாக இருந்தால் நல்லது. மாமாவையே கேட்டுப் பாருங்கள், உயில் மேல் அவருக்கிருக்கும் பயமே அவரைக் கவனமாக வைத்திருக்கும். எல்லாப் பக்கத்திலும் அப்பா கையெழுத்துப் போடட்டும், அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தத் தாளைத் திரும்ப அச்செடுப்பதே மேல்.

மூலம் எங்கே இருக்கிறது என்று மூன்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு, சென்னை வீட்டை விற்று வேறு வாங்கினால் உயிலில் அந்த வீட்டைப் பற்றிய வரி செத்துவிடும், புது வீட்டுக்கு அது தானாகத் தாவாது. அப்படி ஏதாவது மாறினால் பழைய காகிதத்தில் திருத்தாமல், புது உயில் எழுதி, பழைய உயிலின் தேதியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு அதை ரத்து செய்வதாக முதல் பத்தியிலேயே சொல்லிவிடட்டும்.